சமையல்கட்டு வாடகைக்கு: செகண்ட் லைஃபில் சேரலாமா?

கல்யாண மண்டபம் எடுத்துப் பழகியவர்களுக்கு இந்த ஏற்பாடு புதிதல்ல. மண்டபக்காரர் ஹாலைத் தருவார், சமையல்கட்டைத் தருவார், கோட்டை அடுப்பைக் காட்டுவார், அண்டாவும் குண்டானும் எண்ணிக் கொடுப்பார். சமைத்துத் தரமாட்டார். மளிகை நம்முடையது, மாஸ்டர் நாம் பேசி அழைத்து வந்தவர், பந்தி விசாரிப்பதும் நம் ஆட்கள். கரண்ட் மீட்டரைக் குறித்துக்கொண்டு, பாத்திரத்தை எண்ணி வாங்கி வைத்துக்கொண்டு, வாடகையை வசூலித்துவிட்டால் அவர் வேலை முடிந்தது. சாம்பார் உப்புக்கரித்தால் அவரை யாரும் கேட்க முடியாது.

செகண்ட் லைஃப் என்ற இணைய உலகம் ஓடுவதும் இதே ஏற்பாட்டில்தான். சான்பிரான்சிஸ்கோவில் 1999இல் பிலிப் ரோஸ்டேல் தொடங்கிய லிண்டன் லேப் நிறுவனம், 2003 ஜூன் 23 அன்று இந்த மண்டபத்தைத் திறந்தது. உள்ளே போகிறவர் தனக்கென்று ஓர் அவதாரத்தை எடுத்துக்கொள்கிறார். நடக்கலாம், பறக்கலாம், பேசலாம், வீடு கட்டலாம், கடை போடலாம். ஜெயிப்பது தோற்பது கிடையாது. ஏறவேண்டிய கட்டங்களும் கிடையாது. அங்கே கண்ணில் படும் சட்டை, தலைமுடி, மாடி வீடு, தென்னை மரம், நடன அசைவு என்று ஏறக்குறைய எல்லாமே அங்கே வந்தவர்கள் செய்தவை. நிறுவனம் கொடுத்தது அடுப்பும் இடமும்தான்.

2021இல் ஃபேஸ்புக் தன் பெயரை மெட்டா என்று மாற்றிக்கொண்ட பிறகு, ‘இப்படி ஓர் உலகத்தில் சேரலாமா?’ என்ற கேள்வி நம் ஊரிலும் கேட்க ஆரம்பித்தது. புதிதாகத் திறந்தவற்றை வைத்துப் பதில் சொல்வது கஷ்டம். இருபது ஆண்டுக்கு மேல் ஓடிய செகண்ட் லைஃபில் நல்லது, கெட்டது இரண்டும் நடந்து முடிந்திருக்கின்றன. படம் பளபளப்பாக இருக்கிறதா என்று பார்த்து முடிவெடுப்பது, வாசலில் கட்டிய சீரியல் லைட்டைப் பார்த்து மண்டபம் பிடிக்கிற கதை. சமையல்கட்டுக்குள் போய்ப் பார்த்துவிடுவோம்.

ஒரு வட்டாரத்துக்கு ஓர் அடுப்பு

செகண்ட் லைஃபின் நிலம் சதுரம் சதுரமாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. ஒரு சதுரம் 256 மீட்டருக்கு 256 மீட்டர். மொத்தம் 65,536 சதுர மீட்டர், அதாவது 16 ஏக்கருக்குக் கொஞ்சம் மேல். இதை ரீஜன் என்பார்கள். நாம் வட்டாரம் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு வட்டாரத்தையும் சர்வரில் ஓடும் ஒரு தனி நிரல் கவனித்துக்கொள்கிறது. முன்பு இந்த சர்வர்களை நிறுவனமே வைத்திருந்தது. 2020இல் எல்லாவற்றையும் அமேசானின் கிளவுடுக்கு மாற்றினார்கள். அடுப்பு இடம் மாறியது, சமையல் முறை மாறவில்லை.

இந்த அடுப்பு விநாடிக்கு 45 சுற்று வேலை பார்க்கிறது. ஒரு சுற்றுக்குக் கிடைப்பது 22 மில்லிவிநாடி. அதற்குள் விழுகிற பொருள் எங்கே விழுந்தது, யார் யார் எங்கே நிற்கிறார்கள், எந்தக் கதவு திறக்கவேண்டும், எந்த நீரூற்று ஆடவேண்டும் என்று எல்லாவற்றையும் கணக்குப் போட்டு, அங்கே நிற்கும் ஒவ்வொருவருக்கும் தகவல் அனுப்பவேண்டும். அடுப்பில் ஏற்றியது அதிகமாகிவிட்டால் சுற்று நேரத்துக்குள் முடியாது. அப்போது ஓடுகிறவர் ஊர்கிறார். பொத்தானை அழுத்தி, அலுத்துப்போய்க் கையை எடுத்த பிறகு கதவு திறக்கிறது. அங்கே குடியிருப்பவர்கள் இதை ‘லேக்’ என்று அலுத்துக்கொள்வார்கள்.

அதனால்தான் எதற்கும் ஒரு வரம்பு. தனியார் எடுக்கும் முழு வட்டாரத்தில் பொருள்களுக்கான அளவு வழக்கமாக 20,000 அலகு. ஆட்கள் அதிகபட்சம் 100 பேர். நிறுவனமே நடத்தும் பெருநிலப் பகுதியில் பொதுவாக 40 பேர்தான். பெரிய கச்சேரி வைக்கிறவர்கள் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார்கள். நான்கு வட்டாரங்கள் சந்திக்கும் மூலையில் மேடையைப் போட்டார்கள். ரசிகர்கள் நான்கு பக்கமும் பிரிந்து உட்கார, சுமை நான்கு அடுப்புகளுக்குப் பகிர்ந்துபோனது. அப்படிப்பட்ட நிகழ்ச்சிக்குப் போகும்போது ஸ்கிரிப்ட் என்ற சிறு நிரல்கள் நிறைந்த நகையையும் தலைமுடியையும் கழற்றிவைத்துவிட்டுப் போவது அங்கே ஒரு மரியாதை. உங்கள் கம்மலில் ஓடும் நிரலும் அதே அடுப்பில்தான் வேகிறது.

முடிவுக்கு இதில் ஒரு பாடம் இருக்கிறது. லட்சம் பேரோடு ஒரே மைதானத்தில் நிற்கலாம் என்று நினைத்துப் போகிறவர் ஏமாந்துபோவார். இது சின்னச் சின்னக் கூட்டங்களின் உலகம்.

பாதிச் சமையல் உங்கள் வீட்டில்

யூடியூபில் வீடியோ பார்க்கும்போது வருவது சமைத்துக் கட்டிய பார்சல். பிரித்துச் சாப்பிட்டால் போதும். செகண்ட் லைஃபில் வருவது சமைத்த பண்டமல்ல. நறுக்கிய காயும் அளந்து கட்டிய மசாலாவும் ஒரு செய்முறைச் சீட்டும். ‘இந்த இடத்தில் ஒரு பெட்டி வை, நீளம் இவ்வளவு, மேலே மரப்பலகைப் படத்தை ஒட்டு, வெளிச்சம் மேற்கிலிருந்து வரட்டும்’ என்று சர்வர் சொல்லி அனுப்புகிறது. அதைக் காட்சியாக்கும் வேலை உங்கள் கணினியில் இருக்கும் வியூவர் என்ற மென்பொருளுடையது.

மற்ற விளையாட்டுகளிலும் படம் வீட்டுக் கணினியில்தான் தயாராகிறது. ஆனால் அங்கே வேண்டிய பண்டமெல்லாம் இன்ஸ்டால் செய்யும்போதே வந்து இறங்கிவிடும். இங்கே அது முடியாது. நீங்கள் போய் இறங்கும் தெருவில் யாரோ ஐந்து நிமிடம் முன்புதான் ஒரு டீக்கடையைக் கட்டியிருப்பார். அதை முன்கூட்டியே எப்படி அனுப்புவது? எனவே எதுவும் போன பிறகுதான் வரும்.

புதிதாக ஓர் இடத்துக்குப் போகும் முதல் நிமிடத்தைப் பாருங்கள். முதலில் சாம்பல் நிறத்தில் வெறும் உருவங்கள். அடுத்து சுவரில் கலங்கலாக ஏதோ நிறம் படிகிறது. கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிந்து செங்கல்லாகிறது. படங்கள் ஜேபெக் 2000 என்ற முறையில் சேமிக்கப்பட்டிருப்பதே காரணம். அந்த முறையில் முதலில் வரும் சில பைட்டுகளே மங்கலான முழுப்படத்தைத் தந்துவிடும்; மீதி வர வரத் தெளிவு கூடும். எதிரே நிற்கும் மனிதர்களோ முதலில் ஆவியாகத் தெரிவார்கள். நிஜமாகவே ஒரு புகைத்திரள் நிற்கும். அவர்களுடைய உடல், உடை, முடி பற்றிய விவரம் வந்து சேர்ந்த பிறகுதான் ஆள் உருவாவார். புதியவர்கள் பலர் இந்த இடத்தில் ‘நெட் போய்விட்டது’ என்று நினைத்து வெளியே வந்துவிடுகிறார்கள். பொறுத்தால் இட்லி வெந்துவிடும்.

உங்கள் வீட்டு அடுப்பு சிறியதென்றால் தீயைக் குறைக்க வழி உண்டு. எவ்வளவு தூரம் வரை காட்டவேண்டும் என்ற அளவை 256 மீட்டரிலிருந்து 64க்கு இறக்கினாலே பழைய லேப்டாப் மூச்சுவிடும். அளவுக்கு மீறி நகையும் உடையும் பூண்டவர்களை விவரமில்லாத ஒற்றை நிறப் பொம்மைகளாகக் காட்டும்படியும் சொல்லலாம். இதற்கு ஜெல்லி டால் என்று பெயர். வியூவரின் மூலநிரலை 2007 ஜனவரியில் நிறுவனம் பொதுவில் வெளியிட்டதால், வெளியார் செய்த வியூவர்களும் வந்துவிட்டன. ஃபயர்ஸ்டார்ம் அவற்றில் பேர்போனது. அலுவலகக் கணக்குப் பார்க்க வாங்கிய மலிவு லேப்டாப்பில் இதை ஓட்டிப் பார்க்காமல் பணம் எதுவும் கட்டாதீர்கள்.

அச்சும் மாவும் கைப்பக்குவமும்

உள்ளே கட்டுமானத்துக்கான அடிப்படை அச்சுகளைப் பிரிம் என்பார்கள். பெட்டி, உருளை, பட்டகம், கோளம், வளையம், குழாய் என்று ஒரு கைப்பிடி வடிவங்கள். முறுக்குக் குழலில் தட்டை மாற்றினால் அதே மாவு தேன்குழலும் ஆகும், ஓமப்பொடியும் ஆகும். அப்படி ஒரு பிரிமை நீட்டலாம், சப்பையாக்கலாம், குடையலாம், முறுக்கலாம். ஒரு நாற்காலிக்குச் சப்பையான பெட்டி ஒன்று, நீட்டிய உருளை நான்கு, சாய்மானத்துக்கு இன்னொரு பெட்டி. ஆறு பிரிம்கள், நாற்காலி ரெடி. ஆரம்ப ஆண்டுகளில் ஊர் முழுவதும் இப்படித்தான் கட்டினார்கள். 2011இல் மெஷ் வந்தது. பிளெண்டர் போன்ற மென்பொருளில் வெளியே செய்து கொண்டுவந்து ஏற்றலாம் என்றானது. அன்றிலிருந்து தரம் ஏறியது. சும்மா வந்து கட்டிப் பார்த்தவர்களுக்குப் போட்டியும் ஏறியது.

வடிவம் செய்தால் போதாது, அது அசையவேண்டும். அதற்கு லிண்டன் ஸ்கிரிப்டிங் லாங்குவேஜ் என்ற நிரல்மொழி. ஒரு கதவுக்குள் வைக்கும் நிரல் இப்படி நினைக்கிறது: ‘சும்மா இரு. யாராவது தொட்டால் 90 டிகிரி திரும்பு. பத்து விநாடி கழித்துப் பழைய இடத்துக்கு வா. மறுபடி சும்மா இரு.’ ஒரு ஸ்கிரிப்டுக்குக் கிடைக்கும் நினைவகம் 64 கிலோபைட். சின்னக் கரண்டிதான். ஆனால் அதற்குள்ளேயே பஸ் ஓட்டியிருக்கிறார்கள், சதுரங்கப் பலகை செய்திருக்கிறார்கள், கேள்வி கேட்டால் பதில் சொல்லும் கடைக்காரப் பொம்மை வைத்திருக்கிறார்கள். எழுதிப் பேசும் பேச்சுக்கும் கணக்கு உண்டு. சாதாரணமாகச் சொன்னால் 20 மீட்டர் வரை கேட்கும், கிசுகிசுத்தால் 10, கத்தினால் 100. உங்கள் பேச்சைப் பக்கத்து மனிதர் மட்டுமல்ல, அந்தத் தூரத்துக்குள் இருக்கும் ஒரு பூச்சாடியில் வைத்த ஸ்கிரிப்டும் கேட்கலாம். அந்தரங்கம் பேசப் பொதுஇடம் ஏற்றதல்ல என்பதற்கு இது ஒன்று போதும்.

செய்முறை யாருடையது, பாத்திரம் யாருடையது?

2003 நவம்பரில் லிண்டன் லேப் ஓர் அறிவிப்பு செய்தது. உள்ளே நீங்கள் உருவாக்கியதன் அறிவுசார் உரிமை உங்களுக்கே. அந்நாளில் மற்ற நிறுவனங்கள், பயனர் செய்தது எல்லாம் தங்களுக்கே சொந்தம் என்று எழுதி வாங்கிக்கொண்டிருந்தன. இந்த ஒரு முடிவுதான் கைவேலை தெரிந்தவர்களைக் கூட்டம் கூட்டமாக உள்ளே கொண்டுவந்தது.

விற்கும் பொருளுக்கு மூன்று அனுமதிகள் உண்டு: நகலெடுக்கலாமா, மாற்றலாமா, பிறருக்குக் கொடுக்கலாமா. ஒரு சோபாவை ‘நகலெடுக்கலாம், கொடுக்கக்கூடாது’ என்று விற்றால், நீங்கள் பத்து அறையில் பத்து சோபா போடலாம். தோழிக்குப் பரிசளிக்க முடியாது. ‘கொடுக்கலாம், நகலெடுக்கக்கூடாது’ என்றால் பரிசளிக்கலாம், தொலைத்தால் போனதுதான். காசு கொடுக்கும் முன் இந்த மூன்றையும் பார்க்காமல் வாங்குவது, பந்திக்கு எத்தனை பேர் என்று கேட்காமல் உலை வைப்பதற்குச் சமம்.

2006 நவம்பரில் இந்த ஏற்பாட்டில் ஓர் ஓட்டை தெரிந்தது. காப்பிபாட் என்ற நிரல், பிறர் செய்த பொருளை அனுமதியில்லாமல் படியெடுத்தது. கடைக்காரர்கள் கொதித்துப்போய்க் கடைகளை இழுத்து மூடினார்கள். ஆனால் தொழில்நுட்பப்படி அதை முழுவதும் தடுக்க வழியில்லை. காயும் மசாலாவும் உங்கள் வீட்டுக்கு வந்தால்தானே உங்கள் கணினி சமைக்க முடியும்? வந்ததை எழுதிவைத்துக்கொள்ள வேண்டாம் என்று சொல்லலாம். கையைப் பிடிக்க முடியாது. தப்பித்தது ஒன்றே ஒன்று. ஸ்கிரிப்டுகள் சர்வரிலேயே ஓடுகின்றன, அவற்றின் நிரல் உங்கள் வீட்டுக்கு வருவதே இல்லை. மாஸ்டரின் கைப்பக்குவம் சமையல்கட்டை விட்டு வெளியே வராத மாதிரி. அங்கே தொழில் செய்ய நினைப்பவர் இதைக் குறித்துக்கொள்ளலாம். அழகை மட்டும் விற்றால் படியெடுப்பார்கள். வேலை செய்கிற பொருளை விற்றால் கொஞ்சம் பாதுகாப்பு.

கல்லாப்பெட்டி

அடிப்படைக் கணக்குக்குக் காசு இல்லை. உள்ளே புழங்குவது லிண்டன் டாலர். ஓர் அமெரிக்க டாலருக்குச் சுமார் 250 லிண்டன் டாலர் என்ற அளவில் விலை பல ஆண்டுகளாகச் சுற்றிவருகிறது. நிறுவனம் நடத்தும் லிண்டெக்ஸ் சந்தையில் ஒருவர் விற்பதை மற்றவர் வாங்குகிறார். இடையில் நிறுவனம் கட்டணம் எடுத்துக்கொள்கிறது.

ஆனால் மண்டபக்காரருக்குப் பெரிய வரவு நில வாடகைதான். ஆரம்பத்தில் பிரிமுக்கு இவ்வளவு என்று வரி போட்டார்கள். 2003இல் அமெரிக்கானா என்ற பகுதியைக் கட்டிய குடியிருப்பாளர்கள், பாஸ்டன் துறைமுகப் போராட்டத்தை நினைவூட்டும்படி தேயிலைப் பெட்டிகளை அடுக்கி எதிர்ப்புக் காட்டினார்கள். அதிகம் சமைப்பவனுக்கு அதிக அபராதம் என்றால் யார் சமைப்பார்கள்? பின்னர் அந்த வரி போய், இடத்துக்கு மாத வாடகை என்ற முறை வந்தது.

ஒரு முழு வட்டாரத்தின் மாத வாடகை நெடுங்காலம் 295 அமெரிக்க டாலராக இருந்தது. பின்னால் படிப்படியாகக் குறைத்தார்கள். அந்தப் பழைய வாடகையை வைத்தே ஒரு கணக்குப் போடுவோம். ஒரு சட்டை 250 லிண்டன் டாலர், அதாவது ஒரு டாலர். வாடகை கட்ட மட்டும் மாதம் 295 சட்டை விற்கவேண்டும். கட்டணம் பிடித்தம் தனி. வாடகை உண்மையான டாலரில் போகிறது. வருமானம் லிண்டன் டாலரில் வருகிறது. நிறுவனத்தின் விதிகளின்படி லிண்டன் டாலர் என்பது பணமே அல்ல, பயன்படுத்த அளிக்கப்பட்ட ஓர் அனுமதி. வெளியே எடுக்க அடையாளச் சான்று காட்டவேண்டும், கட்டணமும் உண்டு.

2006 மே மாத பிசினஸ்வீக் அட்டையில் ஆன்ஷி சங் என்ற அவதாரத்தின் படம் வந்தது. உள்ளேயே சம்பாதித்துப் பெரிய ஆளானவர் என்று உலகம் முழுக்கப் பேசப்பட்டார். அவர் பெரிதானது பண்டம் சமைத்து விற்று அல்ல. அடுப்புகளை மொத்தமாக எடுத்து, துண்டு துண்டாக உள்வாடகைக்கு விட்டார். அந்த அட்டையைப் பார்த்து ஓடி வந்தவர்களில் பெரும்பாலோர் அவருக்கு வாடகைதாரர்களாகத்தான் ஆக முடியும்.

பொங்கி வழிந்த நாட்கள்

2006 நவம்பரில் யாரோ தங்க வளையம் ஒன்றை விட்டுவிட்டுப் போனார்கள். தொட்டால் அது தன்னைத்தானே பெருக்கிக்கொண்டது. ஊரெல்லாம் வளையம் நிறைந்து, சர்வர்கள் திணறி, கொஞ்ச நேரம் யாரையும் உள்ளே விடாமல் கதவடைத்துத்தான் துடைக்க முடிந்தது. யார் வேண்டுமானாலும் மாவு கரைக்கலாம் என்ற இடத்தில், ஒருவர் போட்ட சோடா உப்பு ஊரையே பொங்கவைத்துவிடும்.

பணத்தில் நடந்தது இன்னும் கசப்பு. 2007 ஜூலையில் நிறுவனம் சூதாட்டத்தைத் தடைசெய்தது. அடுத்த மாதமே, ஜின்கோ என்ற உள்ளூர் ‘வங்கி’ போட்ட பணத்தைத் திருப்பித் தர முடியாமல் சரிந்தது. வட்டி மட்டும் மிகத் தாராளமாகச் சொல்லியிருந்தார்கள். வைப்புத்தொகைக் காப்பீடு கிடையாது, மேலே ரிசர்வ் வங்கி கிடையாது. நம் ஊர் சீட்டுக் கம்பெனிக் கதைகளைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கவேண்டியதில்லை. 2008 ஜனவரியில், முறையான உரிமமில்லாமல் வட்டி தருவதையே நிறுவனம் தடுத்தது.

பென்சில்வேனியாவைச் சேர்ந்த ஒரு வழக்கறிஞர் ஏலமுறையில் இருந்த ஓட்டை வழியாக மலிவாக நிலம் பிடித்தார். நிறுவனம் அவருடைய கணக்கை முடக்க, மற்ற நிலமும் பணமும் சேர்ந்து மாட்டிக்கொண்டன. அவர் நீதிமன்றம் போனார். 2007இல் நீதிபதி, நடுவர் மன்றத்துக்குத்தான் போகவேண்டும் என்ற ஒப்பந்த விதி நியாயமற்றது என்றார். கடைசியில் சமரசமானது. ‘உங்கள் நிலம்’ என்று விளம்பரம் சொன்னாலும், சாவி யாரிடம் என்பது அன்று எல்லோருக்கும் புரிந்தது.

பந்தியில் யார் யார்?

2006, 2007இல் பெரிய பெயர்கள் வரிசை கட்டி வந்தன. ராய்ட்டர்ஸ் செய்தி அலுவலகம் திறந்தது. அமெரிக்கன் அப்பேரல் துணிக்கடை போட்டது. 2007 மே மாதத்தில் மாலத்தீவும் சுவீடனும் தூதரகம் வைத்தன. எல்லோரும் பளிங்கு மண்டபம் கட்டினார்கள். யாரும் அடுப்பு மூட்டவில்லை. துணிக்கடை அடுத்த ஆண்டே மூடியது. இலை போட்டுவைத்தால் மட்டும் கூட்டம் வராது.

கூட்டம் வந்த இடங்கள் வேறு. நோயால் வீட்டை விட்டு நகர முடியாதவர்கள், காது கேளாதவர்கள், பெரிய கூட்டத்தைக் கண்டால் பதறுகிறவர்கள் அங்கே தங்களுக்கென்று சங்கங்கள் அமைத்துக்கொண்டார்கள். அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கத்துக்காக நடக்கும் நிதி திரட்டும் நடைபயணம் 2005 முதல் ஆண்டுதோறும் உள்ளேயே நடக்கிறது. டாம் போல்ஸ்டார்ஃப் என்ற மானுடவியலாளர் ஒரு கிராமத்தில் தங்கி ஆய்வு செய்வதுபோல அங்கேயே இரண்டு ஆண்டுக்கு மேல் ஆய்வு செய்து 2008இல் ஒரு நூல் வெளியிட்டார். அவர் கண்ட மக்கள் உலகத்தைவிட்டு ஓடிவந்தவர்கள் அல்ல. அக்கம்பக்கத்தார், வாடகைத் தகராறு, நட்பு, பிரிவு என்று வழக்கமான வாழ்க்கையையே வேறோர் இடத்தில் வாழ்ந்துகொண்டிருந்தவர்கள்.

எண்ணிக்கையைப் பார்க்கும்போது ஒரு கவனம் வேண்டும். 2006 அக்டோபரில் பதிவு செய்தவர்கள் பத்து லட்சம் என்று கொண்டாடினார்கள். ஆனால் ஒரே நேரத்தில் உள்ளே இருந்தவர்களின் உச்சம், 2009இல்கூட, சுமார் 88,000தான். மொய் நோட்டில் பெயர் எழுதியவர்கள் வேறு, பந்தியில் உட்கார்ந்தவர்கள் வேறு.

நம் ஊரிலிருந்து சேர்கிறவருக்கு நேரமும் ஒரு சங்கதி. அங்கே கடிகாரம் அமெரிக்கப் பசிபிக் நேரத்தில் ஓடுகிறது. கோடையில் நாம் பன்னிரண்டரை மணி நேரம் முன்னால். அங்கே வெள்ளி இரவு ஏழு மணிக் கச்சேரி நமக்குச் சனி காலை ஏழரை. லண்டன்காரர்கள் இரவு எட்டு மணிக்கு உள்ளே வந்து அரட்டையடிக்கும்போது நமக்கு நள்ளிரவு பன்னிரண்டரை. நாம் வேலை முடித்து எட்டு மணிக்கு நுழைந்தால், அமெரிக்காவின் மேற்குக் கரையில் அப்போதுதான் பல் தேய்க்கிறார்கள். கூட்டத்துக்காகச் சேர்கிறவர் தூக்கத்தை விற்கவேண்டியிருக்கும்.

சைவ, அசைவப் பலகை மாதிரி ஒவ்வோர் இடத்துக்கும் மூன்றில் ஒரு தரக்குறி உண்டு: பொது, நடுத்தரம், வயதுவந்தோர். 2009இல் பாலியல் சார்ந்தவற்றைத் தனிக் கண்டத்துக்கு நகர்த்தினார்கள். பிள்ளைகளுக்குக் கணக்குத் தொடங்கித் தரலாமா என்று கேட்டால், என் பதில் வேண்டாம்.

இன்னொன்று. ஓர் இடத்தில் பாட்டு ஒலித்தால், பெரும்பாலும் அது நிறுவனத்தின் சர்வரிலிருந்து வருவதில்லை. நிலத்துக்காரர் சொன்ன வெளி சர்வரோடு உங்கள் கணினி நேராகத் தொடர்புகொள்கிறது. உங்கள் ஐபி முகவரி அங்கே பதிவாகும். தெரியாத இடங்களில் தானாக ஒலிக்கும் வசதியை அணைத்து வைப்பது நல்லது.

மண்டபம் மூடினால்?

தி சிம்ஸ் ஆன்லைன், கடைசியில் இஏ-லேண்ட் என்ற பெயரில், 2008 ஆகஸ்டில் மூடப்பட்டது. கூகுளின் லைவ்லி 2008 ஜூலையில் திறந்து டிசம்பர் 31இல் முடிந்தது. தேர் என்ற உலகம் 2010இல் மூடி, 2012இல் மறுபடி திறந்தது. மைக்ரோசாஃப்ட் வாங்கிய ஆல்ட்ஸ்பேஸ்விஆர் 2023 மார்ச்சில் போனது. லிண்டன் லேபே 2017இல் சன்சார் என்று இரண்டாவது மண்டபம் திறந்து, 2020இல் கைமாற்றிவிட்டது. செகண்ட் லைஃப் நிலைத்தது விதிவிலக்கு.

மூடும் நாளில் என்ன கையோடு வரும்? வாங்கிய சோபா வராது. கட்டிய வீடு வராது. மிச்சமிருந்த லிண்டன் டாலர் வராது. வருவது மூன்று. பிளெண்டரில் நீங்கள் செய்து சொந்தக் கணினியில் வைத்திருக்கும் கோப்புகள். கற்றுக்கொண்ட கைத்தொழில். வெளியிலும் தொடர்பு வைத்துக்கொண்ட நண்பர்கள். ஓபன்சிமுலேட்டர் என்ற இலவச மென்பொருளில் சொந்தமாகவே இதே மாதிரி அடுப்பு மூட்டலாம் என்பதும் உண்மை. விருந்தாளி கிடைப்பதுதான் கஷ்டம்.

சரி, சேரலாமா?

சாப்பிட மட்டும் போகிறவர் தாராளமாகப் போகலாம். இலவசக் கணக்கு, நிஜப்பெயருக்குச் சம்பந்தமில்லாத பெயர், தனி மின்னஞ்சல் போதும். இசை, கலைக்கூடம், அந்நிய மொழிப் பேச்சுப் பழக்கம் என்று தேடும் பொருளை முன்பே முடிவு செய்துகொண்டு போங்கள். தெருத்தெருவாகச் சுற்றிவிட்டு ‘ஒன்றுமே இல்லையே’ என்று திரும்புகிறவர்கள், பந்தி நடக்கும் ஹாலுக்குள் போகாதவர்கள். நிகழ்ச்சிப் பட்டியலைப் பார்த்து, ஆட்கள் இருக்கும் நேரத்தில் போகவேண்டும்.

சமைக்கப் போகிறவருக்கு இது நல்ல பட்டறை. முப்பரிமாண வடிவமைப்பும் நிரல் எழுதுவதும் கற்க, செய்த பொருளை அன்றைக்கே யாரோ ஒருவர் தொட்டுப் பார்த்துக் கருத்துச் சொல்லும் இடம் வேறு அதிகமில்லை. நிபந்தனை ஒன்றுதான்: எதையும் வெளியே செய்து உள்ளே ஏற்றுங்கள், உள்ளே மட்டும் செய்து விட்டுவிடாதீர்கள்.

அடுப்பை வாடகைக்கு எடுக்க நினைப்பவர் பொறுக்கவேண்டும். முதலில் பிறருடைய இடத்தில் சிறு கடை போட்டு விற்றுப் பாருங்கள். தொடர்ந்து சில மாதங்கள் விற்பனையே வாடகையைக் கட்டிவிடும் என்று கணக்குப் புத்தகம் சொன்னால் நிலம் எடுங்கள். கைக்காசு போட்டு வாடகை கட்டவேண்டிய நிலை என்றால், அது தொழில் அல்ல, பொழுதுபோக்கு. அப்படித் தெரிந்தே செலவழிப்பதில் தப்பில்லை. மாதத்துக்கு இவ்வளவு என்று ஒரு தொகையை முன்பே எழுதிவைத்து, அதைத் தாண்டாதீர்கள். கடன் வாங்கியோ, வட்டி தருகிறேன் என்று உள்ளே எவர் சொன்னதையும் நம்பியோ பணம் போடாதீர்கள்.

தனிமைக்கு மருந்து தேடிப் போகிறவர்களுக்கு மட்டும் நேரடியான பதில் கிடையாது. அங்கே நல்ல நட்பு கிடைத்தவர்கள் நிறைய, முகம் தெரியாதவரிடம் மனதையும் காசையும் இழந்தவர்களும் இருக்கிறார்கள். உள்ளே அறிமுகமானவர் பணம் கேட்ட அன்று, அவர் எவ்வளவு நாள் பழக்கமாக இருந்தாலும், இல்லை என்று சொல்ல உங்களால் முடியுமா? முடியும் என்றால் சேருங்கள். தயக்கமாக இருந்தால் இப்போதைக்கு வேண்டாம்.